மறு: ஆட்டோஇம்யூன் – இதில் ‘எதிர்ப்பு’ வேண்டுமா?

வணக்கம்.

ஆட்டோஇம்யூன் நோய்களில், அதாவது உடம்பின் தற்காப்பே உடம்பைத் தாக்கும் நோய்களில், வைட்டமின்களின் பங்கு பற்றி ஒரு சிறு கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், தலைப்புச் சொல்லிலேயே முட்டி நிற்கிறேன் என்று போன வாரம் நம் குழுவில் புலம்பியிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. தன்னெதிர்ப்பு நோய், சுயதடைகாப்பு நோய், தன்னுடல் தாக்குநோய் என்று மூன்று சொற்கள் வந்தன. இம்யூனிட்டிக்கு இலங்கை வழக்கில் உள்ள நிர்ப்பீடனம் என்ற சொல்லைக் குழுவில் உள்ள அக்கா நினைவூட்டினார்.

> ‘தன்னெதிர்ப்பு’ ஏற்கெனவே புழங்குகிறது. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, என் சித்திக்காகத்தான். பதினோரு வருடமாக மாதம் ஒரு பி12 ஊசி போட்டுக்கொள்கிறார். அவருடைய இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களை அவர் உடம்பே தாக்குகிறது. பி12-ஐக் குடல் உறிஞ்சத் துணைபோகும் புரதம் அந்தச் செல்களிலிருந்துதான் வர வேண்டும்; அது வராததால் எவ்வளவு முட்டையும் மீனும் சாப்பிட்டாலும் பி12 உடம்பில் சேராது. ‘இது தன்னெதிர்ப்பு நோய் சித்தி’ என்று விளக்கிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது சாப்பாட்டு மேசையில் வைட்டமின் சி, டி, துத்தநாக மாத்திரை, பக்கத்தில் கபசுரக் குடிநீர்ப் பொடி. கேட்டால், “எதிர்ப்பு சக்தி கொறஞ்சிருக்குன்னு நீதானே சொன்னே?”

எதிர்ப்பு என்று காதில் விழுந்ததும் சக்தி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கொரோனாவுக்குப் பிறகு அந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை. எதிர்ப்பு சக்தி என்பது தொட்டித் தண்ணீர் மாதிரி ஏறும், இறங்கும், ஏறினால் நல்லது என்பதுதான் மக்கள் மனதில் உள்ள படம். இந்த நோய்களிலோ பிரச்சினை அளவில் இல்லை, குறி தவறியதில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் ‘தன்’. தன்னாட்சி, தன்னம்பிக்கை, தன்னிறைவு என்று தமிழில் நல்ல சகவாசம் உள்ள முன்னொட்டு அது. தன்னெதிர்ப்பு என்றால் உடம்பு தானே நோயை எதிர்க்கிறது போலும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. சுயதடைகாப்பு இன்னும் மோசம்; தற்காப்புக் கலை வகுப்புப் பெயர் மாதிரி கேட்கிறது.

இடையில் ஒரு செய்தி. லத்தீனில் இம்யூனிஸ் என்றால் வரியிலிருந்தோ கட்டாய ஊழியத்திலிருந்தோ விலக்குப் பெற்றவன். நம் கல்வெட்டுகளில் வரும் இறையிலியேதான்! அதை மருத்துவத்துக்கு இழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, ரசித்ததைச் சொன்னேன்.

என் முன்மொழிவு: தன்தாக்கு நோய். தன்னுடல் தாக்குநோயின் சுருக்கம்தான், பெருமை முன்பே சொன்னவருக்கே. தற்காப்பு தடம் மாறித் தன்தாக்கு ஆகிறது என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். புணர்ச்சிப்படி ‘தற்றாக்கு’ என்றுதான் வர வேண்டும் என்று ஐயா எழுதுவார், தெரியும். இலக்கணம் அவர் பக்கம். ஆனால் தற்றாக்கு என்று சொன்னால் சித்தி “என்னது?” என்பார்.

இதைத் தொட்டால் இன்னொன்றும் இடிக்கிறது. கிருமி போன்றவற்றைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதமான எதிர்ப்பானை (ஆன்டிபாடி) பிறபொருளெதிரி என்கிறோம். தன்தாக்கு நோயில் அந்த எதிரி பாய்வது பிற பொருள்மீது அல்லவே! இவ்வகை எதிர்ப்பானை மட்டும் தன்பொருளெதிரி என்று வைத்துக்கொள்ளலாமா?

> வைட்டமின் டி எதிர்ப்பாற்றலை ‘ஊக்குவிக்கிறது’ என்று எழுதலாமே.

கூடாது என்பது என் கட்சி. எதிர்ப்பு வேலை செய்யும் செல்கள் பலவற்றில் வைட்டமின் டி வந்து ஒட்டும் ஏற்பி (ரிசெப்டர்) இருக்கிறது. அங்கே அது செய்யும் வேலையில் பெரும்பகுதி கடிவாளம் பிடிப்பது: சண்டைக்குப் போகும் டி செல்களைத் தணிப்பது, அவற்றை அடக்கும் டி செல்களுக்குத் துணை நிற்பது. (வைட்டமின் டி (D) வேறு, எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணுவான டி (T) செல் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும் தொல்லைக்குத் தனி இழைதான் தொடங்க வேண்டும்.) இதற்கு மட்டுறுத்தல் பொருந்தும். நம் குழுவில் மட்டுறுத்துநர் செய்வதும் அதுதானே, யாரையும் ஊக்குவிப்பதில்லை.

ஆதாரமும் அளவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. தினமும் 2000 அலகு வைட்டமின் டி, சுமார் 5 ஆண்டுகள். டி எடுத்தவர்களில் 123 பேருக்கும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 155 பேருக்கும் புதிதாகத் தன்தாக்கு நோய் உறுதியானது. ஏறத்தாழ 22 சதவீதம் குறைவு. ஆனால் அவர்கள் 50 வயதைத் தாண்டிய ஆண்கள், 55-ஐத் தாண்டிய பெண்கள். பார்த்ததும் நோய் வராமல் தடுப்பதைத்தான். வந்த நோயை டி தீர்க்கும் என்று இதை வைத்து எழுத முடியாது. ஆகவே கையேட்டில் ‘தீர்க்கும்’, ‘குணமாக்கும்’ இரண்டும் கிடையாது.

உயிர்ச்சத்தா வைட்டமினா என்ற பழைய சண்டையில் இந்தக் கையேட்டுக்கு மட்டும் வைட்டமின் பக்கம் போகிறேன். காசிமிர் ஃபங்க் என்ற வேதியியலாளர் 1912-இல் இவையெல்லாம் அமீன்கள் (நைட்ரஜன் கொண்ட ஒருவகைச் சேர்மங்கள்) என்று நினைத்து vitamine என்று வைத்த பெயர். அப்படி இல்லை என்று தெரிந்து 1920-இல் கடைசி எழுத்தான e-யை வெட்டினார்கள். பிழையான பெயர் ஓர் எழுத்தை இழந்து பிழைத்துக்கொண்டது. உயிர்ச்சத்து அதைவிட நல்ல சொல்தான். ஆனால் ‘சத்து’ என்றதும் கூடினால் கெடுதல் இல்லை என்று தோன்றிவிடுகிறது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற பி வைட்டமினை அதிக அளவில் விழுங்குபவருக்குச் சிலவகைத் தைராய்டு பரிசோதனைகளில், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் (TSH) பொய்யாகக் குறைந்தும் தைராய்டு சுரக்கும் டி4 (T4) பொய்யாகக் கூடியும் காட்டும். தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் தன்தாக்கு நோயான கிரேவ்ஸ் நோய்க்கான தன்பொருளெதிரிகூட இருப்பதாக வரலாம். இல்லாத நோய் தாளில் முளைத்துவிடும்.

கடைசியாக ஓர் உதவி. சித்திக்கு இருக்கும் பெர்னீஷியஸ் இரத்தசோகைக்குச் சொல் வேண்டும். ஒரு காலத்தில் ஆளைக் கொன்றுவிடும் நோய். 1926-இல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள் தினமும் ஈரல் சாப்பிடவைத்து நோயாளிகளைத் தேற்றினார்கள். 1934-இல் விப்பிள் என்ற ஆய்வாளரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு. ஈரலுக்குள் இருந்த பி12-ஐப் பிரித்தெடுத்தது 1948-இல். அந்தப் பழைய பயத்தை வைத்துக் ‘கொடுஞ்சோகை’ என்று எழுதிச் சித்தியிடம் படித்துக்காட்டினேன். “ஊசி போட்டுட்டு நேரா சந்தைக்குப் போறேன், இதுல என்னடா கொடும?” என்றார்.

வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.