டிவிடி டிரைவ் லைட் 2 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டுது, காப்பி பாதியில் தொங்குது

மயிலாடுதுறை ஸ்டூடியோ:
வணக்கம். பழைய கல்யாண டிவிடிகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்துற வேலை. டெஸ்க்டாப், சாட்டா டிவிடி ரைட்டர், உபுண்டு 22.04. டிஸ்க் உள்ளே இருந்தாலே போதும், யாரும் தொடாமலேயே லைட் 2 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டுது, மோட்டார் நிக்கிறதே இல்லை. காப்பி முக்கால்வாசி போனதும் அரை நிமிஷம் அசையாம நின்னு, அப்புறம் ஐ/ஓ எரர். டிமெசேஜில் (கெர்னல் எழுதி வைக்கிற பதிவு) வருவது: "கெட் ஈவன்ட் ஸ்டேட்டஸ் நோட்டிபிகேஷன் 4ஏ 01 00 00 10", அடுத்து டைம்அவுட், அடுத்து "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்". அதே டிஸ்க் வேற லேப்டாப்பில் முழுசா படிக்குது. லென்ஸ் துடைச்சாச்சு. டிரைவை மாத்திடலாமா?

தஞ்சாவூர் லினக்ஸ்:
இப்போதைக்கு மாத்தாதீங்க சார். அந்த 4ஏ நீங்க கொடுத்த கமாண்ட் இல்லை. "டிஸ்க் மாறுச்சா, பட்டன் அமுக்கினாங்களா" என்று கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) டிரைவைக் கேட்கிற கேள்வி. முன்னாடி ஹால் டீமன் என்ற பின்னணி புரோகிராம் கேட்டுக்கிட்டிருந்தது, கெர்னல் 2.6.38-லிருந்து கெர்னலே கேட்குது. இடைவெளி 2000 மில்லிசெகண்ட். உங்க லைட் சிமிட்டுற கணக்கு அதுதான். கேட்பது கெர்னல் என்பதால் எல்எஸ்ஓஎஃப் (எந்த புரோகிராம் எதைத் திறந்திருக்குன்னு காட்டுற கமாண்ட்) போட்டுப் பார்த்தால் யார் பேரும் வராது; அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நல்ல டிரைவ் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிட்டுப் படிப்பைத் தொடரும். சில டிரைவோட ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கிற புரோகிராம்), கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்ப படிச்சுக்கிட்டிருக்கும்போது கேட்டால் வாயே திறக்காது. கெர்னல் 30 விநாடி பார்க்கும், அப்புறம் லிங்கை (டிரைவுக்குப் போற சாட்டா இணைப்பு) ரீசெட் பண்ணும். ரீசெட் ஆனதும் நடுவில் ஓடின காப்பியும் போச்சு. நீங்க சொன்ன "அரை நிமிஷம்" அந்த 30 விநாடிதான்.

செய்ய வேண்டியது: சிஸ் ஃபோல்டர், அதுக்குள்ள பிளாக், அதுக்குள்ள எஸ்ஆர்0 (லினக்ஸ் உங்க டிவிடி டிரைவுக்கு வச்ச பேர்). அங்கே "ஈவன்ட்ஸ்_போல்_எம்செக்ஸ்" என்று ஒரு ஃபைல். இப்போ அதில் -1 இருக்கும், அதாவது "சிஸ்டம் டிஃபால்ட் எதுவோ அது". அதில் 0 எழுதினால் அந்த டிரைவுக்கு மட்டும் போலிங் (இப்படி விடாமக் கேட்கிறது) நிற்கும். சுடோ (அட்மின் அனுமதியோட ஓட்டுற கமாண்ட்) எக்கோ போட்டு அம்புக்குறியால் திருப்பினால் "பெர்மிஷன் டினைடு" வரும், ஏன்னா ஃபைலைத் திறப்பது சுடோ இல்லை, உங்க ஷெல். எக்கோவைப் பைப் பண்ணி "சுடோ டீ" வழியா எழுதுங்க. காப்பி முடிஞ்சதும் திரும்ப -1. லைட் சிமிட்டுறது உடனே நின்னால் நோயைப் பிடிச்சாச்சு.

கும்பகோணம் சர்வீஸ்:
தஞ்சாவூர் அண்ணன் சொல்றது சரி, ஆனா அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அதே டிமெசேஜில் எரர் வரியில் "எஸ்எரர்" (சாட்டா இணைப்போட பிழைக் குறியீடு) என்ன காட்டுதுன்னு பாருங்க. 0x0 என்றால் லிங்க் பெரும்பாலும் சுத்தம், டிரைவ்தான் பதில் சொல்லலை. "பேட்சிஆர்சி" (வழியில் டேட்டா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்) மாதிரி வந்தால் கேபிள்தான் கோளாறு. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காத்தில் சாட்டா முனை கறுத்துப்போய் இந்த மாதிரி வரும். பூட்டு கிளிப் இருக்கிற கேபிளாப் பார்த்து மாத்துங்க, நூறு ரூபாய்க்குள்ள முடியுற விஷயம். ஹார்ட் டிஸ்க்கோட பவர் ஒயரிலிருந்து பிரிச்சு மாட்டின ஸ்பிளிட்டர் இருந்தால் கழட்டிட்டு டிரைவுக்குத் தனி ஒயர் கொடுங்க. லென்ஸைத் தண்ணி தொட்டுத் துடைச்சிருந்தால் பிரயோஜனமில்லை, ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேணும். தை மாசம் அறுவடை மிஷின் ஓடுற ஊரில் உமித்தூசி லென்ஸில் திரும்பத் திரும்ப வந்து உட்காரும்.

வேகத்தையும் குறைங்க. "எஜெக்ட் -எக்ஸ் 4" போட்டுட்டுக் காப்பி எடுத்தால் கீறல் டிஸ்க்கில் மறுபடிப்பு குறையும், கமாண்ட் காத்துக்கிடக்கிற நேரமும் குறையும்.

மயிலாடுதுறை ஸ்டூடியோ:
எஸ்எரர் 0x0தான் காட்டுது. 0 எழுதினதும் சிமிட்டுறது நின்னுச்சு, இரண்டு டிஸ்க் முழுசா வந்திருச்சு. ஆனா இப்போ முன்பக்க பட்டனை அமுக்கினால் டிரே வெளியே வரலை. இது என்ன கூத்து?

தஞ்சாவூர் லினக்ஸ்:
சொல்ல விட்டுப்போச்சு, தப்பு என்னோடது. டிஸ்க் போட்டதும் யுடெவ் (டிவைஸ்களைக் கவனிச்சுக்கிற லினக்ஸ் சர்வீஸ்) டிரே பட்டனைப் பூட்டி வைக்குது. அப்புறம் நீங்க பட்டனை அமுக்கினால் டிரைவ் தானா திறக்காது, "எஜெக்ட் கேட்கிறாங்க" என்று ஒரு குறிப்பு மட்டும் வச்சிருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்கிறதே போலிங்தான். போலிங்கை நிறுத்தினால் குறிப்பைப் படிக்க ஆள் இல்லை. டெர்மினலில் "எஜெக்ட்" என்று அடித்தால் திறக்கும். பட்டன்தான் வேணும்னா "எஜெக்ட் -ஐ ஆஃப்". இன்னொண்ணு, டிஸ்க் மாத்தினதும் டெஸ்க்டாப்பில் தானா ஐகான் வராது.

நிரந்தரமா நிறுத்த நினைச்சு, கெர்னல் வரியில் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கிற செட்டிங்) பிளாக் மாட்யூலோட போலிங் டிஃபால்ட்டை 0 என்று போடாதீங்க. சிஸ்டம்டி-யோட யுடெவ் ரூல் அங்கே 0-வைப் பார்த்தால் 2000 ஆக்கிடும், நீங்க போட்டது காத்தில் போகும். 60000 போட்டால் தொடாது, நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கேட்கும். இல்லேன்னா எஸ்ஆர்0-வுக்கு மட்டும் 0 எழுதுற யுடெவ் ரூலைத் தனியா வைங்க. உங்க மாதிரி வேலைக்கு, காப்பிக்கு முன் 0, முடிஞ்சதும் -1 என்று இரண்டு வரி ஸ்கிரிப்டே நிம்மதி.

திருவாரூர்:
டிஸ்க் எழுதும்போதும் இதே தொல்லை வருமான்னு கேட்கப்போறீங்க. எழுதுற புரோகிராம் எஸ்ஆர்0-வை எக்ஸ்க்ளூசிவ்வா எழுதத் திறந்தால் கெர்னல் தானாகவே போலிங்கை நிறுத்தி வைக்கும். படிக்கிறதுக்கு அந்தச் சலுகை இல்லை. எஸ்ஆர்0-வை விட்டுட்டு எஸ்ஜி டிவைஸ் (அதே டிரைவுக்கு இன்னொரு வாசல்) வழியா எழுதுற பழைய புரோகிராமுக்கும் இல்லை.

விர்ச்சுவல்பாக்ஸில் (லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸ் ஓட்டுற புரோகிராம்) நிஜ டிரைவைப் பாஸ்த்ரூ (உள்ளே நேராக் கொடுக்கிறது) பண்ணியிருந்தால் உள்ளே விண்டோஸ், வெளியே லினக்ஸ், ரெண்டும் கேட்கும். அப்போ வெளியே 0 வைங்க. விண்டோஸ் பக்கம் கேள்வியை நிறுத்த, ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ், அதுக்குள்ள சிடிராம், அதில் "ஆட்டோரன்" மதிப்பை 0 ஆக்கி ரீஸ்டார்ட். டிஸ்க் மாத்தினால் எஃப்5 அமுக்கணும், அவ்வளவுதான்.