வணிக விமானி உரிமம் பெற்றவருக்கு உடனே வேலை கிடைக்குமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 200 மணி நேரப் பறப்பு அனுபவத்துடன் வணிக விமானி உரிமத்தையும், பல எஞ்சின் விமானத்துக்கும் கருவிவழிப் பறத்தலுக்கும் உரிய தகுதிகளையும் அண்மையில் பெற்றேன். இருபது ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 6,60,000 புதிய விமானிகள் தேவைப்படுவர் என்று போயிங் நிறுவனம் 2025இல் கணித்துள்ளது. ஆனால், நான் காணும் விளம்பரங்களில் பெரும்பாலானவை ஜெட் விமானத்தில் பணியாற்றியவர்களையே கேட்கின்றன. சொந்தச் செலவில் ஏர்பஸ் ஏ320 ஜெட் விமானத்துக்கான டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) முடித்துவிட்டால் வாய்ப்பு கூடுமா?

மறுமொழி 1:
வாழ்த்துகள். அந்தக் கணிப்பு நீண்ட காலத்துக்கானது. ஆள் எடுப்பதோ அவ்வப்போதைய நிலவரத்தைப் பொறுத்தது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அனுபவசாலிகளே வேலையிழந்தார்கள். 2023 முதல் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களில் ஏற்பட்ட சிக்கலால் ஏ320 நியோ விமானங்கள் பல பறக்காமல் தரையில் நிறுத்திவைக்கப்பட்டன. விமானம் நின்றுவிட்டால் விமானிக்கும் வேலை இல்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பல நிறுவனங்களுக்கு உண்மையில் பற்றாக்குறையாக இருப்பவர்கள் கேப்டன்கள்தாம். புதிய துணை விமானி சிமுலேட்டரில் (தரையிலுள்ள மாதிரி விமானி அறையில்) பயிற்சியை முடித்தாலும், பயணிகளுடன் பறக்கும் தொடக்கக் காலத்தில் பயிற்சியளிக்கும் கேப்டன் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அத்தகைய கேப்டன்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் புதியவர்களைச் சேர்க்க முடியும். ஆகவே, கையில் பணி நியமனம் இல்லாமல் டைப் ரேட்டிங்குக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஜெட் விமானத்தில் பறக்காமலே மாதங்கள் கடந்தால் கற்றது மங்கிவிடும். தகுதியைப் புதுப்பிக்க மறுபடியும் சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். உங்களை எடுக்கும் நிறுவனம் போயிங் 737 வைத்திருந்தால் அந்தத் தகுதியால் பெரிய பயனும் இராது.

மறுமொழி 2:
பறத்தல் பயிற்றுநர் என்ற முறையில் சொல்கிறேன். காத்திருக்கும் காலத்தில் பயிற்றுநர் தகுதி பெறுவது நல்ல வழி: மணிக்கணக்கும் கூடும், பிறர் செய்யும் பிழையை முன்கூட்டியே கண்டுகொள்ளும் கண்ணும் வாய்க்கும். கேப்டன் பொறுப்புக்குத் தேவையான போக்குவரத்து விமானி உரிமத்துக்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்பதால் இந்த மணிகள் பின்னாலும் உதவும்.

தேர்வுக்கு அழைப்பு வந்தால், சிமுலேட்டரில் ஃபிளைட் டைரக்டரை (எப்படித் திருப்ப வேண்டும் என்று திரையில் காட்டும் வசதியை) அணைத்துவிட்டு, வெறும் கருவிகளைக் கொண்டே ஐஎல்எஸ் எனப்படும், ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலி அமைப்பைப் பின்பற்றி இறங்கச் சொல்லக்கூடும். பாதையிலிருந்து விலகுவதைக் காட்டும் ஊசி அரைப் புள்ளி நகரும்போதே சிறிதாகத் திருத்துகிறீர்களா, முழுதும் விலகிய பின் துரத்துகிறீர்களா என்பதையும், வேகம் குறைவதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்கிறீர்களா என்பதையும் தேர்வாளர் கவனிப்பார்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பயிற்றுநர் தகுதிக்கு விண்ணப்பிக்கவே எண்ணுகிறேன். இடையில் எதைத் தவறவிடக் கூடாது?

மறுமொழி 2:
முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் கருவிவழிப் பறத்தல் தகுதியும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் வரச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு; அப்போது புதுப்பிக்க நேரம் இராது.