தரம் 7: வதை நடக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது?

ஆசிரியர்களுக்கு வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 7 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். முதலாம் தவணையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு மாணவியைச் சிலர் தொடர்ந்து வதைக்கிறார்கள். வாசிக்க எழுந்தால் வரிசையாக இருமுகிறார்கள். மழை நாளில் அவளுடைய சப்பாத்தை ஒளித்துவிட்டு, அவள் ஈரக்காலுடன் தேடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இப்போது அடிக்கடி பாடசாலைக்கு வராமலே இருந்துவிடுகிறாள்.

அதிபர் கண்டித்த பிறகு, ஆசிரியர் இல்லாத நேரம் பார்த்து வதைக்கிறார்கள். பெற்றோரை அழைத்துப் பேசியதில் விடயம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள்) போய், இரு வீட்டாரும் முகம் பார்ப்பதில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை வகுப்பில் ஒட்டியிருக்கிறேன். பெயரின்றி எழுதிப்போட ஒரு பெட்டியும் வைத்தேன். சிறிய வகுப்பில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் யாரும் எழுதவில்லை. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவருக்குச் செய்வது என்று நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வெயுஸ் வதைக்கு வகுத்த அடையாளங்களையும் விளக்கினேன். அழகாக ஒப்புவிக்கிறார்கள், ஆனால் இருமுவதைக் கேட்டால் "சும்மா பகிடி, டீச்சர்" என்கிறார்கள்.

வதைப்பவர்கள் ஓரிருவர்தான்; சிரிக்கும் மற்றப் பிள்ளைகள்தான் அவர்களுக்குத் துணிவு தருகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பிள்ளைகள் பயமின்றி அவள் பக்கம் நிற்கப் பழகுவதற்கு, ஒரு பாடவேளைக்குள் செய்யக்கூடிய எந்தச் செயற்பாடு உங்கள் வகுப்பில் பலன் தந்தது?