அயோடின் கடிகாரச் சோதனை: நேரில் சரியாக வருகிறது, காணொளியில் ஏமாற்று வேலைபோல் தெரிகிறது. எங்கே தவறு?

நீலக்குடுவை:

வணக்கம். வீட்டில் செய்யக்கூடிய சிறு வேதியியல் சோதனைகளைக் காணொளியாக எடுத்துப் போட்டுவருகிறேன். இது நான்காவது. முதல் மூன்றுக்கும் சேர்த்து வராத அளவுக்கு இதற்குக் கருத்துகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் திட்டு. "நிறம் மாறும் இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்" என்கிறார்கள். சத்தியமாக வெட்டவில்லை. ஆனால் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்த பிறகு எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

செய்தது இதுதான். 1000 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து 60 மி.லி. நீரில் கரைத்தேன். அதிலிருந்து ஒரு தேக்கரண்டி (5 மி.லி.), 2 சதவீத டிஞ்சர் அயோடின் (காயத்துக்குப் போடும் மருந்து) ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் 60 மி.லி. மூன்றும் சேர்ந்ததும் பழுப்பு மறைந்து நீர் தெளிந்துவிடும். இது முதல் குவளை. இரண்டாவதில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 15 மி.லி., காய்ச்சிய மாவுச்சத்துக் கரைசல் அரைத் தேக்கரண்டி, நீர் 60 மி.லி. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் சற்று நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில் முழுவதும் கருநீலம்.

மூன்று முறை எடுத்தேன். முதல்முறை 38 விநாடி. இரண்டாவது 71 விநாடி, அளவு அதேதான். வேகமாக நடக்கட்டும் என்று மூன்றாவதற்குக் கொதிக்கவைத்த நீரை ஊற்றினேன். மங்கலான மஞ்சள் வந்ததோடு சரி, நீலம் வரவேயில்லை. வெறுத்துப்போய்த் தொட்டியருகே வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கழுவப் போனால், குவளை தானாகவே நீலமாகி நிற்கிறது!

புத்தக அடுக்கின்மேல் கைப்பேசி, பின்னால் வெள்ளை அட்டை, மேலே எல்.இ.டி. விளக்கு. குவளை திரை முழுவதும் தெரியும்படி நெருக்கமாக வைத்து எடுத்தேன். காட்சியில் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஊர்ந்துகொண்டே இருப்பது தனித் தலைவலி. எங்கே சறுக்குகிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

மூன்றாவது ஃபிரேம்:

ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் காணொளியை மறுபடி ஓட்டி, நிறம் மாறும் கணத்தில் குவளையைப் பார்க்காமல் பின்னால் இருக்கும் வெள்ளை அட்டையை மட்டும் பாருங்கள். என்ன ஆகிறது?

நீலக்குடுவை:

பார்த்தேன். அதுவரை லேசான சாம்பல் நிறத்தில் இருந்த அட்டை திடீரென்று பளீரென்று வெளுக்கிறது. மேசையின் மரக்கோடுகூட மறைந்துவிடுகிறது. இது எப்படி என் கண்ணில் படவில்லை?

மூன்றாவது ஃபிரேம்:

எல்லாரும் குவளையைத்தான் பார்ப்போம், அதனால்தான். ஆனால் பார்க்காவிட்டாலும் மூளை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. திரையில் முக்கால்வாசி இடம் தெளிந்த நீர். அது ஒரே நொடியில் கருநீலமானால், காட்சி இருண்டுவிட்டது என்று கைப்பேசி நினைத்து எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் வெளிச்சத்தின் அளவை, தானாகவே ஏற்றுகிறது. கூடவே வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையையும் திருத்துகிறது. நீலத்தை ஈடுகட்ட அட்டையில் மஞ்சள் ஏறும். பின்னணியின் வெளிச்சமும் நிறமும் ஒரே கணத்தில் தாவினால் பார்ப்பவர் அதை வெட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். உங்களைத் திட்டியவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

பெரும்பாலான கைப்பேசிகளில் திரையில் குவளையின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். வெள்ளைச் சமநிலை அதோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள்; எல்லாவற்றையும் கையால் அமைக்கவிடும் கேமரா செயலி ஒன்று இருந்தால் நல்லது. பூட்டும் முன் வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், அட்டை வெளுத்துப்போகாமல் இருக்கும். கேமராவைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். திரையில் மூன்றில் ஒரு பங்கு குவளைக்குப் போதும்.

பட்டைகளுக்குக் காரணம் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி எழுகிறது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி உள்ளே விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பட்டை நின்றுவிடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடமென்றால் 1/60 அல்லது 1/120. மெதுவோட்டத்தில் விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்க ஆசைப்பட்டால் இந்தக் கணக்கு உதவாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைப்பதே 1/240 விநாடிதான். அதற்குச் சன்னல் வெளிச்சம்தான் வழி. அங்கேயும் மேகம் வந்து மறைத்தால் மறுபடி "வெட்டு" என்பார்கள், ஜாக்கிரதை.

சும்மா ஒருவன்:

எதற்கு இவ்வளவு பாடு? தெளிந்த நீரைத் தனியாக எடுங்கள், நீலத்தைத் தனியாக எடுங்கள், நடுவில் ஒட்டி ஒரு இசையைப் போட்டுவிடுங்கள். யாருக்குத் தெரியப்போகிறது?

மூன்றாவது ஃபிரேம்:

வெட்டாததையே வெட்டு என்று கண்டுபிடித்தவர்களுக்கு, வெட்டினால் தெரியாதா?

பழைய ஆய்வுக்கூடம்:

தம்பி, கேமரா விஷயத்தை மேலே இருப்பவர் சரியாகச் சொல்லிவிட்டார். உங்கள் 38 விநாடியும் 71 விநாடியும் எங்கிருந்து வந்தன என்பதை நான் சொல்கிறேன். முப்பது வருடம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்களின் கரண்டிகளோடு மல்லுக்கட்டியவன் நான்.

குவளைக்குள் நடப்பது ஒரு இழுபறி. பெராக்சைடு அயோடைடை (அயோடினின் நிறமற்ற வடிவம்) அயோடினாக்கிக்கொண்டே இருக்கும். வைட்டமின் சி அதை உடனுக்குடன் திரும்பவும் அயோடைடாக்கும். வைட்டமின் சி தீர்ந்த கணத்தில் அடுத்துப் பிறக்கும் அயோடினைத் தடுக்க ஆளில்லை. அது மாவுச்சத்தோடு சேர்ந்து நீலமாகும். ஆகவே உங்கள் கடிகாரத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது மிச்சமிருக்கும் வைட்டமின் சி.

இப்போது கணக்குப் போடுவோம். 60 மி.லி.யில் 1000 மி.கி. என்றால் 5 மி.லி.யில் ஏறத்தாழ 83 மி.கி. வைட்டமின் சி. 2 சதவீத டிஞ்சர் 5 மி.லி.யில் சுமார் 100 மி.கி. அயோடின். 254 கிராம் அயோடினுக்கு 176 கிராம் வைட்டமின் சி செலவாகும். அப்படியானால் அந்த 100 மி.கி. அயோடினின் நிறத்தைப் போக்கவே 69 மி.கி. போய்விடுகிறது. கையில் நிற்பது வெறும் 14 மி.கி. கரண்டி சற்றே தளும்பி, 5 மி.லி.க்குப் பதில் ஐந்தரை மி.லி. போனால் மிச்சம் 23 ஆகிவிடும். அரை மி.லி. கூடினதற்கு நேரம் ஒன்றரை மடங்குக்கும் மேல் நீண்டுவிடுகிறது! இரண்டாவது முறைக்குள் நீரும் ஆறியிருக்கும். அதுவும் சேர்ந்தால் 71 விநாடியில் வியப்பில்லை.

கரண்டியைத் தூக்கிப் போடுங்கள். (சமையலறைக் கரண்டி என்றால் அதைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள், குவளைக்கும் அதே விதி.) ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். வைட்டமின் சி கரைசலை 6 மி.லி.யாக்குங்கள், மிச்சம் 31 மி.கி. நிற்கும், சின்னப் பிழையால் பெரிய ஆட்டம் வராது. நேரம் நீளுமே என்றால் நீரை 35 டிகிரி அளவில் வைத்து ஈடுகட்டலாம். ஐந்து முறை எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஐந்துக்கும் வேண்டிய முதல் குவளைக் கலவையை ஒரே பாத்திரத்தில் கலந்து, பிறகு பங்கிடுங்கள். வைட்டமின் சி கரைசல் மட்டும் அன்றன்றைக்குப் புதிதாக இருக்கட்டும், காற்றுப்பட்டு வலுவிழக்கும். நுரைத்துக் கரையும் மாத்திரை வேண்டாம், அதில் சோடா உப்பு இருக்கும். நிறமூட்டியதும் வேண்டாம்.

மூன்றாவது முறை நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அது தோல்வியே இல்லை. மாவுச்சத்தின் அமைலோஸ் சுருளுக்குள் அயோடின் புகுந்து உட்கார்ந்தால்தான் நீலம். சூட்டில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். வினை நடந்தது, அயோடினும் பிறந்தது, அதுதான் நீங்கள் பார்த்த மஞ்சள். ஆறியதும் அயோடின் சுருளுக்குள் திரும்பியது, நீலம் வந்தது. இதையே தனிக் காணொளியாக எடுக்கலாம்.

அக்கா ஒருத்தி:

யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் காணொளியைப் பார்த்தேன். ஊற்றுவது ஒரு சின்னப் பையனின் கை. பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, கையுறை இல்லை, முகம் குவளைக்கு மேலே குனிந்திருக்கிறது. பெராக்சைடு 3 சதவீதம்தானே என்று நீங்கள் சொல்லலாம். கண்ணில் பட்டால் அதுவும் எரியும். டிஞ்சரில் ஆல்கஹால் இருப்பதால் பக்கத்தில் நெருப்பும் ஆகாது. பார்க்கிற பிள்ளைகள் நீங்கள் சொல்வதைவிட நீங்கள் செய்வதைத்தான் அப்படியே செய்வார்கள்.

நீலக்குடுவை:

அது என் சொந்த அக்காவின் மகன். அவன் கெஞ்சினான் என்று விட்டுவிட்டேன். நீங்கள் சொல்வது சரிதான், அக்கா. அந்தக் காணொளியை எடுத்துவிடுகிறேன். எப்படியும் புதிதாக எடுக்க வேண்டியதுதான்.

அக்கா ஒருத்தி:

அவனை ஒதுக்கிவிடாதீர்கள், பாவம். கண்ணாடி போட்டு, ஸ்டாப் வாட்சைக் கொடுத்துத் தள்ளி உட்காரவையுங்கள்.

பழைய ஆய்வுக்கூடம்:

ஒன்றை விட்டுவிட்டேன். கறையைப் போக்குகிறேன் என்று யாரும் வீட்டில் இருக்கும் ப்ளீச்சையோ அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையோ இதில் ஊற்றக்கூடாது. அயோடின் கறைக்கு மருந்து உங்கள் மேசையிலேயே இருக்கிறது: மிஞ்சிய வைட்டமின் சி கரைசல். பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். குவளையில் இருப்பதை நிறைய நீர்விட்டுக் கழுவி ஊற்றினால் போதும்.

இன்னொன்று, பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன்: கடிகார வினையை முதலில் விவரித்தவர் ஹான்ஸ் லாண்டோல்ட், 1886இல். அவர் பயன்படுத்தியது அயோடேட்டும் பைசல்ஃபைட்டும். மருந்துக்கடைச் சாமான்களால் நாம் செய்வது அதன் எளிய தம்பி.

நீலக்குடுவை:

நான்கு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் செய்தேன். சிரிஞ்சு, 6 மி.லி., 35 டிகிரி நீர், ஒரே பாத்திரத்தில் கலந்து பங்கிட்டது. நேரம்: 52, 53, 51, 52. ஐந்தாவது 58, அதற்குள் நீர் ஆறிவிட்டது என்று ஸ்டாப் வாட்ச்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். வெப்பமானியைப் பார்க்காமல் ஊற்றியது என் தவறாம். கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்கிறார், சாப்பிடும்போதுகூட.

எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டினேன், ஷட்டர் 1/50. அட்டை அசையாமல் நிற்கிறது, பட்டைகள் போய்விட்டன. மிச்சமிருக்கும் ஒரே தொல்லை, குவளையின் வளைவில் என் முகம் தெரிகிறது. நீலமானதும் கண்ணாடி பார்ப்பதுபோல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாவது ஃபிரேம்:

கறுப்பு அட்டை ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். முகமும் கைப்பேசியும் அட்டைக்குப் பின்னால் போய்விடும். விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றி, முன்னால் ட்ரேசிங் தாள் ஒன்றைத் தொங்கவிடுங்கள். அப்புறம், விநாடிமுள் ஓடும் கடிகாரம் ஒன்றைக் குவளைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஊற்றுவதிலிருந்து நிறம் மாறும்வரை முள் தாவாமல் ஓடினால் வெட்டு என்று யாரும் வாய் திறக்க முடியாது.

நீலக்குடுவை:

அட்டையும் கடிகாரமும் வேலை செய்தன. ஆனால் புதிதாக ஒன்று. காணொளி முடிவில், ஐயா சொன்ன வைட்டமின் சி கரைசலைச் சிறிது நீலத்தில் ஊற்றிக் காட்டினேன். சட்டென்று தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கேமராவை அணைக்கக் கை நீட்டுகிறேன், மறுபடி நீலம்! கை நீட்டியபடியே நான் உறைந்து நிற்பதும் பதிவாகிவிட்டது. இது ஏன்?

பழைய ஆய்வுக்கூடம்:

பெராக்சைடு இன்னும் ஏராளமாக மிச்சம் இருக்கிறது, தம்பி. 15 மி.லி.யில் 450 மி.கி. அது கணக்குப்படி 2300 மி.கி. வைட்டமின் சியைத் தின்னும். அதாவது இரண்டு முழு மாத்திரைகளைத் தின்ற பிறகும் பசி அடங்காது. கொஞ்சம் ஊற்றினால் கொஞ்ச நேரம் தெளியும், பிறகு நீலம், மறுபடி ஊற்றினால் மறுபடி தெளியும். அந்த இடத்தை வெட்டாதீர்கள்.

நீலக்குடுவை:

வெட்டாமலேயே போட்டுவிட்டேன். முதல் கருத்து வந்தாயிற்று: "நீலம் தெளிவது வெறும் பின்னோட்டம், காணொளியைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்."

அதற்கு என்னை முந்திக்கொண்டு அக்கா மகன் பதில் போட்டிருக்கிறான்: "முள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்."