புதுப்பிப்பு: அண்ணனுக்கு நாற்காலி வந்துவிட்டது

வேலையிடத்து விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட அண்ணனுக்கு, கரடுமுரடான பாதையில் ஓடும் மின் சக்கர நாற்காலி கேட்டதையும் தனியார் காப்புறுதி மறுத்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு விண்ணப்பித்தோம். ஒப்புதல் வந்துவிட்டது!

காரியத்தைச் சாதித்தது, அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் தொழில்வழி சிகிச்சையாளரின் கடிதம்தான். பினாங்கின் பாலிக் பூலாவில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்து செம்மண் ஏற்றத்தை அளந்து, படமும் எடுத்தார். 'மருத்துவமனைக்கும் வேலைக்கும் போக இதைக் கடந்தாக வேண்டும்' என்று எழுதினார். இந்த வரியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எந்த வகை நாற்காலி என்ற கேள்வி. மோட்டார் நடுச்சக்கரத்தைச் சுழற்றும் நடுச்சக்கர இயக்கம் வீட்டுக்குள் நன்றாகத் திரும்பும். ஆனால் எங்கள் பாதைப் பள்ளத்தில் முன்னும் பின்னும் உள்ள சிறு சக்கரங்கள் மேட்டில் நிற்க, நடுச்சக்கரம் பிடிமானமின்றிச் சுற்றியது. அதனால் பின்சக்கர இயக்கம் எடுத்தோம். நேற்று அண்ணன் தனியாகவே டுரியான் மரத்தடி வரை போய் வந்தார். அம்மா வாசலைவிட்டு நகரவே இல்லை.