ஏலக்காய்: பதிவில்லாத மருந்துக்கு 0.1, பதிவான மருந்துக்கு 0.01. இது யார் போட்ட கணக்கு?

கம்பம்மெட்டு:
இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2024 ஏப்ரல் உத்தரவுப்படி, இந்தியாவில் பதிவே ஆகாத பூச்சிமருந்தின் எச்சம் மசாலாப் பொருளில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆனால் வேறு பயிருக்குப் பதிவாகி, ஏலக்காய்க்கு அளவு குறிக்காத மருந்துக்குப் பழைய 0.01தான். கடையில் கிடைக்கிற மருந்துக்குக் கெடுபிடி, கண்ணால் பார்க்காத மருந்துக்குப் பத்து மடங்கு சலுகையா? முடிவு செய்தது விஞ்ஞானிகளா, அதிகாரிகளா?

ஏலமலை:
ரெண்டு தரப்பும்தான். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 13-வது பிரிவுப்படி ஆணையத்தின் அறிவியல் குழுவில் சார்பில்லாத நிபுணர்கள்தான் இருக்கணும். கம்பெனிக்காரர்களையும் நுகர்வோரையும் பேச்சுக்குக் கூப்பிடலாம், அவ்வளவுதான். குழு தருவது பரிந்துரை. அதை விதியாக்குவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.; 92-வது பிரிவுப்படி வரைவை வெளியிட்டு மத்திய அரசின் ஒப்புதலும் வாங்கணும்.

சூட்சுமம், குழுவிடம் என்ன கேட்டார்கள் என்பதில் இருக்கு. 0.1-க்கு ஆணையம் சொன்ன காரணம், 2021-23-ல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் மசாலாக்களுக்கு ஏற்றுக்கொண்ட அளவுகள் 0.1-லிருந்து மேலே போகின்றன என்பது. 0.01-க்கு அந்தப் பின்னணியும் கிடையாது. நச்சுக் கணக்கில் வந்த எண்ணே இல்லை அது. தரவு இல்லாவிட்டால், கருவி நம்பகமாக அளக்கிற அடிமட்டத்தில் நிறுத்து என்ற கொள்கை முடிவு. ஐரோப்பாவிலும் இதே 0.01தான். அங்கே மதிப்பிடுவது எஃப்சா என்ற உணவுப் பாதுகாப்பு அமைப்பு, முடிவெடுப்பது ஐரோப்பிய ஆணையமும் உறுப்பு நாடுகளும். இங்கே ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழே. எனக்கு அதுதான் உறுத்தல்.

கம்பம்மெட்டு:
அப்போ ஏலத்துக்கென்று முறையான அளவு வாங்க என்னண்ணே வேணும்?

ஸ்டோர்க்காரர்:
களச் சோதனை வேணும். லேபிள் அளவில் மருந்தடித்து, நாள் கணக்கில் காய் பறித்து, எச்சம் எப்படி இறங்குது என்று பார்க்கணும். விலங்குச் சோதனையில் பாதிப்பு தெரியாத அளவை வழக்கமாக 100-ஆல் வகுத்தால் தினசரி ஏற்பளவு. மக்கள் சாப்பாட்டில் சேரும் எச்சம் அதைத் தாண்டக் கூடாது.

ஏலத்தில் பலர் கோட்டை விடுவது உலர்த்தலில். 5 கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் (உலர்த்தும் கூடத்தில்) ஏறக்குறைய 1 கிலோ ஆகும். பச்சையில் 0.02 இருந்த மருந்து சூட்டில் சிதையாவிட்டால் உலர்காயில் 0.1. பச்சைக்காயை மட்டும் சோதித்த தரவை நீட்டினால், "உலர்த்தினால் எச்சம் எத்தனை மடங்காகும் என்ற செயலாக்கக் காரணி எங்கே?" என்ற கேள்வியோடு கோப்பு திரும்பும்.

ஏலமலை:
தரவு தரவேண்டியது மருந்துக் கம்பெனி. மருந்தைப் பயிர்வாரியாகப் பதிவு செய்வது மத்தியப் பூச்சிக்கொல்லிப் பதிவுக் குழு, 1968 சட்டப்படி. ஏலக்காய்க்கு விற்கிற மருந்து கொஞ்சம்தான் என்பதால் கம்பெனி காசு போடாது. விவசாயி பக்கம் மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையோ வெள்ளாயணி பூச்சிமருந்து எச்ச ஆய்வகத்தையோ கேட்கலாம். வரைவு வந்தால் கெடு தேதிக்குள் ஆட்சேபம் போகணும். "விலை விழும்" என்று எழுதினால் குழு அதைத் தொடாது, அது அவர்கள் வேலையும் இல்லை. மருந்தின் பெயர், லேபிள் அளவு, அடித்ததற்கும் பறித்ததற்கும் இடையே எத்தனை நாள், உலர்காய் முடிவு, இத்தனையும் இருந்தால் படிப்பார்கள்.

ஸ்டோர்க்காரர்:
உணவுப் பாதுகாப்பு அதிகாரி சோதனைக்கு மாதிரி எடுத்தால் அதை நாலு பங்கு ஆக்கணும். நாலாவதை அங்கீகார ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி அங்கேயே எழுதிக் கேளுங்க, செலவு உங்களுடையது. பகுப்பாய்வாளர் அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு, கையில் கிடைத்த 30 நாளுக்குள் படிவம் 8-ல்.