ரொயோட்டா என்ற பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒன்ராறியோவில் முதற்கார் வாங்குபவர்களுக்கு

தம்பி, 2.4 லீற்றர் எஞ்சினுடைய 2009 கம்ரி ஒன்றையும் 2013 கொரொல்லா ஒன்றையும் பார்த்து வைத்திருப்பதாகவும், இரண்டும் ரொயோட்டா என்பதால் மலிவானதை எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெயரை மட்டும் நம்பி அப்படி எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதே கேள்வியை ஸ்காபரோவுக்கும் பிரம்ரனுக்கும் வந்திறங்கும் நம்மவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். கேட்காமலே வாங்கிவிட்டுப் பின்னர் கவலைப்படுகிறவர்கள் அதைவிட அதிகம்.

ஊரில் 'டொல்பின்' என்று அழைக்கப்படும் ரொயோட்டா வானிலும் '121' என்ற கொரொல்லாவிலும் ஏறித் திரிந்தவர்களுக்கு இந்தப் பெயரின் மேல் இருக்கும் நம்பிக்கை விளம்பரத்தால் வந்ததில்லை. ஜப்பானில் சில வருடங்கள் ஓடி, 'றீகண்டிஷன்' என்று கொழும்பில் இறங்கிய வாகனம், அதன் பிறகும் இருபது வருடங்கள் குன்றும் குழியுமான பாதைகளில் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து ஓடியதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை நியாயமானது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அது எந்த இடத்தில் நம்மைக் கைவிடும் என்பதும் தெரியும்.

இந்த நிறுவனத்தின் கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்குகிறது. 1867இல் பிறந்த சகிச்சி டொயோடா என்ற தச்சரின் மகன், நெசவுத் தறியைத் திருத்துவதிலேயே தன் வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய தறிகளில் ஓடிக்கொண்டிருக்கும் நூல் ஒன்று அறுந்தால், தறி தானாகவே நின்றுவிடும். நிற்காத தறி அறுந்த நூலோடு முழம் முழமாகப் பழுதான துணியை நெய்து தள்ளும். நின்றுவிடும் தறியில் பழுது அந்த இடத்திலேயே அகப்படும், ஒருவரே பல தறிகளைக் கவனிக்கவும் முடியும். 1924இல் முழுமை பெற்ற அவருடைய தானியங்கித் தறியின் காப்புரிமையை, 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் என்ற தறி நிறுவனமே விலை கொடுத்து வாங்கியது. அவருடைய மகன் கீச்சிரோ, 1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே கார்ப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அது தனி நிறுவனமாயிற்று. குடும்பப் பெயர் 'டொயோடா'வாக இருக்க, ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளில் எழுதக்கூடியதாகவும் ஒலிப்பதற்குத் தெளிவாகவும் இருந்ததால் 'ரொயோட்டா' என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நடந்த 1950இல் கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். கொரியப் போருக்கான லொறிக் கட்டளைகள் வந்த பிறகுதான் நிறுவனம் மூச்சுவிட்டது. பணமும் இடமும் குறைவாக இருந்த அந்த நெருக்கடிதான் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளரின் முறைகளை வளர்த்தது. அவர் நெசவுப் பிரிவிலிருந்து கார்ப் பிரிவுக்கு வந்தவர், ஆகவே நூல் அறுந்தால் நிற்கும் தறியை நன்றாக அறிந்தவர். தேவையான உதிரிப்பாகம் தேவையான நேரத்துக்குத் தேவையான அளவில் மட்டும் வர வேண்டும் என்றும், பழுதைக் கண்டவர் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். இன்றும் அந்தத் தொழிற்சாலைகளில் கார்களைப் பொருத்தும் வரிசையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி, ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை என்று தோன்றினால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவந்து பார்ப்பார், தீராவிட்டால் வரிசையே நிற்கும். எனக்கு இந்த நிறுவனத்தில் மிகவும் பிடித்த விடயம் இதுதான். பழுதைச் சொல்பவரைத் திட்டாத வேலைத்தலம் எவ்வளவு அபூர்வமானது என்பது தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

தொடக்கத்திலிருந்தே நல்ல கார்தான் செய்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1957இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கிரவுண் கார் அங்குள்ள நெடுஞ்சாலை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. அதன் விற்பனையையே நிறுத்திவிட்டு, 1965இல் பலமான எஞ்சினுடன் கொரோனாவைக் கொண்டு திரும்பி வந்தார்கள். 1966இல் வந்த கொரொல்லா இப்போது உலகில் 5 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. நாம் வாழும் ஒன்ராறியோவிலேயே, கேம்பிரிட்ஜ் நகரில் 1988இலிருந்து கொரொல்லா செய்தார்கள். 2008இல் வூட்ஸ்ரொக்கிலும் ஒரு தொழிற்சாலை தொடங்கிற்று, இப்போது ராவ் ஃபோர் என்ற எஸ்யூவி இங்கேயும் உருவாகிறது. காரின் முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் வின் எண்ணை, அதாவது எழுத்துகளும் இலக்கங்களுமாக 17 கொண்ட காரின் அடையாள எண்ணைப் பாருங்கள்: 2 என்று தொடங்கினால் கனடாவில் செய்தது, ஜே என்று தொடங்கினால் ஜப்பானில் செய்தது. ஜப்பானில் செய்ததுதான் உழைக்கும் என்று சிலர் கூடுதல் விலை சொல்வார்கள். அதற்காக ஒரு டொலர்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

கார்கள் நீடித்து உழைப்பதற்கு இன்னொரு காரணம் அவர்களுடைய பொறுமை. மற்றவர்கள் ஆறு, எட்டுக் கியர் என்று போய்விட்ட பிறகும், கொரொல்லாவில் நான்கு கியர் தானியங்கி கியர்ப்பெட்டியையே 2013 மாடலிலும் வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் அது சற்று இரையும், எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் நெடுங்காலம் சோதிக்கப்பட்டு வந்த எளிய இயந்திரம் என்பதால் மிகக் குறைவாகவே பழுதாகும். இதே கியர்ப்பெட்டியும் 1.8 லீற்றர் எஞ்சினும் உள்ள கொரொல்லாதான் என்னிடமும் இருக்கிறது. 310,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது. ரயர், பற்றரி, பிரேக், ஒரு சில்லின் பெயரிங் என்று தேய்ந்தவற்றை மாற்றியிருக்கிறேன். எஞ்சினையோ கியர்ப்பெட்டியையோ திறக்க வேண்டி வரவில்லை. குளிர்காலத்தில் குறுந்தூரம் ஓடுவது ஒயிலைக் கெடுக்கும் என்பதால், 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் ஒயில் மாற்றுகிறேன். அந்த இரசீதுகள் எல்லாம் கையுறைப் பெட்டியில் ஓர் உறைக்குள் இருக்கின்றன.

இனி நீங்கள் பார்த்த கம்ரிக்கு வருகிறேன். 2007 முதல் 2009 வரையான கம்ரிகளில் இருந்த அந்த 2.4 லீற்றர் எஞ்சினில், பிஸ்டன் வளையங்கள் ஒயிலைச் சரியாகத் தடுக்காமல் எரிய விட்டன என்பது ஊரறிந்த குறை. நிறுவனமே நீடித்த உத்தரவாதம் கொடுத்துப் பிஸ்டன்களை மாற்றிக்கொடுத்தது. அந்தக் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அப்படி மாற்றிய பத்திரம் விற்பவரிடம் இருந்தால் வேறு கதை. இல்லையென்றால், நீங்கள் பார்க்கப் போகும் அன்று ஒயில் நிறைந்திருக்கும், கார் சத்தமில்லாமல் ஓடும், இரண்டு மாதத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும். கம்ரியை விட கொரொல்லா சிறியது என்றாலும், இந்த இரண்டில் நான் கொரொல்லாவைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இது மட்டுமே குறை என்றும் சொல்ல மாட்டேன். 2009, 2010இல் கால்மிதிப் பாய்களில் சிக்கியும், தானாகவே இறுகியும் நின்ற வேகமிதிகளுக்காக, பல மில்லியன் வாகனங்களைத் திரும்ப அழைத்தார்கள். கீச்சிரோவின் பேரனும் அப்போதைய தலைவருமான அகியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸின் முன் அமர்ந்து, நிறுவனம் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி அமெரிக்க டொலர் தண்டம் கட்ட உடன்பட்டார்கள். கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தும் நிறுவனத்துக்கு அது வெட்கமான காலம், அதை மறக்கக் கூடாது. 2024இலும், எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கிவிட்ட காரணத்தால் தண்ட்ரா பிக்கப், தங்கள் சொகுசு ரகமான லெக்ஸஸ் எல்எக்ஸ் ஆகிய வாகனங்கள் ஏறத்தாழ 1 லட்சத்தைத் திரும்ப அழைத்தார்கள். ஆகவே எந்தக் காரைப் பார்த்தாலும், அதன் வின் எண்ணை ரொயோட்டா கனடாவின் தளத்தில் இட்டு, செய்யாமல் விட்ட திருத்தம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இலவசம், திருத்தமும் இலவசம்.

ஆனால் இந்த நாட்டில் காரின் உண்மையான எதிரி உப்பு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீதிகளில் கொட்டப்படும் உப்பு, காரின் அடிப்பகுதியில் படிந்து கறள் ஏற்றும். எஞ்சின் இன்னும் பத்து வருடம் ஓடும் நிலையில் இருக்க, உடல் உக்கிப்போன ரொயோட்டாக்களை இங்கே நிறையக் காணலாம். அவர்களுடைய டக்கோமா பிக்கப்களின் சேஸியே, அதாவது அடிச்சட்டமே உக்கி, நிறுவனம் அவற்றை மாற்றிக்கொடுக்க வேண்டி வந்ததும் உண்டு. சென்ற வருடம், புதிதாக வந்த உறவினர் ஒருவருக்காகக் கொரொல்லா ஒன்றைப் பார்க்கப் போனோம். வெளியே கண்ணாடி போல மினுங்கியது. விற்பவர் மறுத்தும் வற்புறுத்தி எனக்குத் தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோய் மேலே தூக்கினோம். அடிப்பகுதி முழுவதும் புத்தம் புதிய கறுப்பு மை பூசப்பட்டிருந்தது. மெக்கானிக் ஒன்றும் பேசாமல், ஒரு ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் பின் சில்லுக்கு முன்னால் இருக்கும் பகுதியை மெல்லத் தட்டினார். முதலில் மை உரிந்தது, பிறகு பிஸ்கற் போல உலோகம் பொரிந்து அவர் கையில் விழுந்தது. விற்பவர் அதற்குள் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சோதனைக்கு நாங்கள் கொடுத்தது 80 டொலர்.

ஆகவே வாங்கும் முன் காரைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வாங்கிய பின் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கறள் தடுக்கும் ஒயிலை அடிப்பகுதிக்கும் கதவுகளின் உட்பகுதிக்கும் அடிப்பியுங்கள்.

பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1997இல் பிரியஸுடன் தொடங்கியதால் அவர்களுக்கு இதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. பெல்ட்டுகள் இழுக்கும் கியர்ப்பெட்டி இல்லை, எஞ்சினைக் கிளப்பும் தனி ஸ்ரார்ட்டர் இல்லை, பற்றரிக்கு மின் ஏற்றும் ஆல்ரநேற்றர் இல்லை. ஆகவே பழுதாவதற்கே பாகங்கள் குறைவு. கனடாவில் 2020 மாடல் முதல் ஹைபிரிட் பற்றரிக்கு 10 வருடம் அல்லது 240,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. இரண்டு விடயங்களை மட்டும் கவனியுங்கள். பின் இருக்கைக்கு அருகே பற்றரிக்குக் காற்றுப் போகும் வலைவடி தூசியால் அடைபட்டால் பற்றரி சூடேறும், அதை அடிக்கடி துப்புரவாக்க வேண்டும். அடுத்தது, மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் குறைவாகத்தான் வேலை செய்யும். தேய்வதற்குப் பதிலாக உப்பில் இறுகிப்போகும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கிறீஸ் போடச் சொல்லுங்கள். 2019 முதல் வந்த ராவ் ஃபோர் ஹைபிரிட்டில் பின்மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிள் உப்பால் அரிக்கப்பட்டு, அதற்கும் நிறுவனம் உத்தரவாதத்தை நீடித்தது. அந்த மாடலைப் பார்த்தால் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ராவ் ஃபோர், ஹைலாண்டர், லெக்ஸஸ் போன்றவை ஒன்ராறியோவில் திருடர்கள் தேடித் திரியும் வாகனங்கள். முன்விளக்கின் அருகே இருக்கும் வயரைப் பிடித்து, காரின் கணினி வலையமைப்புக்குள் நுழைந்து, சாவி இல்லாமலே ஓட்டிச் செல்கிறார்கள். காப்புறுதிக் கட்டணமும் அதற்கேற்ப ஏறும். புதிதாக வந்தவருக்கு ஏற்கெனவே கட்டணம் கூடுதல் என்பதால், கார் விலை பேசும் முன்னர் அதன் வின் எண்ணைக் கொடுத்துக் காப்புறுதித் தொகையைக் கேட்டுவிடுங்கள். மாதத்துக்கு வரும் வித்தியாசம் காரின் விலை வித்தியாசத்தையே விழுங்கிவிடலாம்.

அந்தக் கொரொல்லாவைத் தனியாரிடம் வாங்குவதானால், சேர்விஸ் ஒன்ராறியோ வழங்கும் பழைய வாகனத் தகவல் தொகுப்பை விற்பவர்தான் தர வேண்டும். அதன் விலை 20 டொலர், காரின் மேல் கடன் இருக்கிறதா என்பது அதில் தெரியும். விபத்து வரலாற்றுக்குக் கார்ஃபக்ஸ் கனடா அறிக்கையை எடுங்கள். 13 சதவீத வரி, நீங்கள் கொடுத்த விலைக்கும் மொத்த வியாபாரப் பட்டியல் விலைக்கும் இடையில் எது கூடவோ அதன்மேல் வரும். பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று விற்பவர் சொல்வார். அது 36 நாட்களுக்கு மட்டும் செல்லும், எஞ்சின் எவ்வளவு காலம் ஓடும் என்பதை அது சொல்வதில்லை. டீலரிடம் போனால், கையொப்பமிட்ட பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை இந்த மாகாணத்தில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரொல்லாவை இந்தச் சனிக்கிழமை பார்க்கப் போகிறீர்கள் என்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், பகல் வெளிச்சத்தில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன் அதை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதலே சொல்லுங்கள். ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள், இரசீதுகளைக் கேளுங்கள், கராஜுக்குக் கொண்டுபோக மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். கறள் இல்லாமலும் இரசீதுகளோடும் இருந்தால், 180,000 கிலோமீற்றர் ஓடியிருந்தாலும் எனக்கு அச்சமில்லை.